நாத்தனாரின் தாடைக்குக் கீல் வைத்தவள்

கீலக்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பல்செட் செய்யும் லேபில் அவள் சேர்ந்தது கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்காக இல்லை. செய்து முடித்த பல்செட்டைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடைத்து, டாக்டர் பெயரும் நோயாளி எண்ணும் எழுதிய சீட்டை ஒட்டி, கீழே போய்க் கூரியர்காரரிடம் கொடுப்பதுதான் வேலை. லேப் இரண்டாவது மாடியில், மின்விசிறி பழுது பார்க்கும் கடைக்கு மேலே இருந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கினாள். முட்டி வலிக்கிறது என்று ஒருநாளும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. வந்திருந்தாலும் காது கொடுத்துக் கேட்க அங்கே ஆள் இல்லை.

ஒருநாள் அவள் பெட்டி எடுக்க உள்ளே போனபோது, புதிதாகச் சேர்ந்த இரண்டு டிசைனர்கள் திரை முன்னால் முழி பிதுங்க உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு கீழ்த்தாடை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்து அனுப்பும் அச்சை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து, களிமண்ணைப் பிடித்துப் பிடித்துச் சிற்பம் செய்வதுபோல மவுஸாலேயே பல்லைச் செதுக்குவது அந்த லேபின் முறை. செதுக்கியதைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும் இல்லையா? இவர்கள் திறந்தால் தாடை சீசா பலகைபோல ஆடியது. முன்பல் கீழே போகப் போக, கடைவாய்ப் பல் மேலே ஏறி மேல்தாடைக்குள் புகுந்தது. அப்படி வாய் திறக்கிற மனிதனை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவள் கையில் பெட்டியோடு நின்று பார்த்தாள். பேசாமல் போயிருக்கலாம். ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒன்று கோணலாக நடந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

"ஏன் தம்பி, கதவுக்கு நடுவுல யாராவது கீல் வைப்பாங்களா?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் இருந்த சீனியர் டிசைனர் வாய்விட்டுச் சிரித்தார். விஷயம் அதுதான். எந்த மாடலைச் சுழற்றினாலும் அது ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றித்தான் சுழலும். அதற்கு மென்பொருளில் பிவட் என்று பெயர். மாடல் உள்ளே வந்ததும் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு அதை நட்டநடுவில் குத்திவைத்துவிடும். பந்துக்கு அது சரி. தாடைக்கு அது இரண்டு காதுக்கும் முன்னால், எலும்பு போய் மாட்டுகிற இடங்களை இணைக்கும் கோடாக இருக்க வேண்டும். ஸ்கேனில் ஈறும் பல்லும் மட்டும்தான் வரும். எலும்பின் மூட்டு வராது. ஆகவே பிவட்டை மாடலை விட்டு வெளியே இழுத்துப் போய், ஒன்றுமே இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். புதியவர்களுக்கு அந்தத் துணிச்சல் வரவே வராது. பிவட் என்ற சொல்லையே கேட்டிராத அவளுக்கு அது கதவைப் பார்ப்பதுபோலத் தெரிந்தது.

அன்றிலிருந்து கீலக்கா. சீனியர் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பிறகு ஒரு வருஷம், மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டு, காலியாகக் கிடந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பழகினாள். வீணாய்ப் போன பழைய மாடல்களை எடுத்து உருட்டினாள், கெடுத்தாள், திரும்பச் சரிசெய்தாள். யாரும் கற்றுத் தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருஷம் அவளுக்கென்று ஒரு மேசையும் இரண்டு திரையும் வந்தன. கம்ப்யூட்டர் வேலை என்றால் ஜாலியாக உட்கார்ந்து சம்பளம் வாங்குவது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு கடைவாய்ப் பல்லின் மேட்டைத் தலைமுடி அளவுக்கு இறக்குவாள், தாடையை மூடுவாள், திறப்பாள், மறுபடி ஏற்றுவாள். அவள் தாடையும் சேர்ந்து திறந்து திறந்து மூடும். காற்றை மென்றுகொண்டிருக்கும் அவளைப் பார்த்துப் புதிதாக வரும் கூரியர்காரர்கள் கொஞ்சம் எட்டியே நிற்பார்கள். வழிதவறிப் போன பிவட்டோடு எந்த மாடல் வந்தாலும் லேபில் ஒரே பேச்சு: "கீலக்காகிட்ட குடு."

இப்படிப்பட்டவள் தன் நாத்தனார் விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

நாத்தனார் அவள் கணவனுக்கு அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தம்பி வீட்டிலேயே, தெருவைப் பார்த்த அறையில் வாசம். வேலை, நகரத்தின் பெரிய பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்தாறு வருஷமாக எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது என்று ஊருக்குச் சொன்னது அவள் குரல்தான். அந்தக் குரலுக்குத் திருத்தம் அதிகம். வீட்டில் "பால் பொங்குது" என்று சொன்னால்கூட, நாலாவது தடத்தில் பால் வந்து நிற்கிறதோ என்று தோன்றும். கீலக்காவின் வேலையை அவள் பொருட்படுத்தியதே இல்லை. "என்ன, பொம்மைக்குப் பல்லு கட்டியாச்சா?" என்பதுதான் தினமும் மாலை வரவேற்பு.

ஈறு நோய் வந்து இரண்டே மாதத்தில் நாத்தனாரின் பற்கள் அத்தனையும் எடுக்கும்படி ஆயிற்று. அப்போது கீலக்காதான் முந்திக்கொண்டாள். "எங்க லேப்லயே செஞ்சுடலாம் அண்ணி. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்." வீட்டு ஆள் என்பதால், தான் கை வைக்காமல் சீனியரிடமே கொடுத்தாள். சீனியர் கை சுத்தமான கை; அதில் குறை சொல்ல முடியாது.

பல்செட் வந்தது. போட்டுப் பார்த்தால் பளிச்சென்று அழகாகத்தான் இருந்தது. பேசினால் இடது பக்கம் 'டக்' என்று இடித்தது. இடித்ததும் வலது பக்கம் ஈறைவிட்டு எழும்பியது. பல் எடுத்த டாக்டரம்மா இரண்டு தடவை ராவிக் கொடுத்தார். ராவின இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் இடித்தது. "பழகணும்மா, எல்லாருக்கும் முதல்ல அப்படித்தான்" என்றார். நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால், கடித்தாலும் 'டக்'.

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நான்கு மாதம். அலுவலகத்தில் மருத்துவ விடுப்பு. வீட்டில் எல்லாம் துண்டுச்சீட்டு. சாப்பாட்டுத் தட்டைத் தன் அறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "பால் தீர்ந்துவிட்டது." "என் துண்டை யார் எடுத்தது?" என்று முத்து முத்தான கையெழுத்தில் சீட்டுகள் வரும். சண்டையும் சீட்டில்தான், தம்பி வாயால் கத்துவான், அவள் எழுதி முடிக்கும்வரை அவன் காத்திருந்து, படித்துவிட்டு மறுபடி கத்துவான். கீலக்காவின் சாப்பாட்டு டப்பாவின் மேல் ஒருநாள் ஒரு சீட்டு இருந்தது. "உங்கள் லேப் வாழ்க." அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள். படியேறும்போது கண் கலங்கிவிட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தக் குரலில் திட்டுக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

பிறகு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னும் மூன்று வாரத்தில் வெள்ளிக்கிழமை குரல் தேர்வு. தேறாவிட்டால் தவறவிட்ட பொருட்கள் அறைக்கு மாற்றம். குடையும் தண்ணீர் பாட்டிலும் ஒற்றைச் செருப்பும் அடுக்கிவைத்த அந்த அறையில், ஓய்வு பெறும்வரை மூன்று வருஷம் வாய் திறக்காமல் உட்காரலாம். கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு நாத்தனார் உள்ளே போனாள். சீட்டு எதுவும் எழுதவில்லை.

மறுநாள் கீலக்கா அந்தக் கேஸின் கோப்பைத் தன் திரையில் திறந்தாள். தாடையை மூடினாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், இம்மி பிசகாமல் பொருந்தின. பத்துத் தடவை மூடினாள். பத்துத் தடவையும் அப்படியே. பிவட் காதுப்பக்கம் வைக்க வேண்டிய இடத்தில், டாக்டரம்மா அனுப்பிய அளவுத் தாளில் இருந்தபடி இருந்தது. திரையில் இடிக்காதது வாயில் ஏன் இடிக்கிறது? மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

"கருவி வெச்சு எடுத்த அளவு அக்கா" என்றார் சீனியர். "நானும் மூணு தடவை பார்த்துட்டேன். நம்ம பக்கம் தப்பில்ல. அவங்கதான் பழகல."

அவளுக்கு அந்தச் சப்பைக்கட்டு பிடிக்கவில்லை. இரண்டு வாரம் இப்படியே ஓடிவிடுமோ என்று பயந்தாள். ஓடவில்லை, இரண்டு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி வலது பக்கம் சரிந்தது. விரலால் தூக்கிவிட்டாள். ஒரு பக்கம் படித்தாள், மறுபடி சரிந்தது, மறுபடி தூக்கிவிட்டாள். பதினெட்டு வருஷமாகக் கீலக்கா பார்த்துக்கொண்டிருக்கிற காட்சி. கண்ணாடிக்கடைக்காரன் இரண்டு தடவை கம்பியை வளைத்துக் கொடுத்தும் நேராக நிற்காத கண்ணாடி.

அவள் கையில் இருந்த கத்தியையும் வெங்காயத்தையும் கீழே வைத்தாள். கண்ணாடி சரியாகத்தான் இருந்திருக்கிறது. வலது காதுதான் இடது காதைவிடக் கீழே இறங்கியிருந்தது.

டாக்டர்கள் அளவெடுக்கும் சட்டத்தை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள். அதன் இரண்டு முனையையும் இரண்டு காதுத் துளையிலும் செருகுவார்கள். தாடை மூட்டைத் தோலுக்கு மேலே பார்க்க முடியாது, காதுத் துளை அதற்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே அதை வைத்தே கணக்கிட்டுவிடுவது வழக்கம். யாருக்கும் அதில் ஒரு குறையும் வந்ததில்லை. ஒரு காது இறங்கியிருந்தால்? சட்டமும் அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த சட்டத்தைப் பார்த்துத் திரையில் கீலையும் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சாய்ந்த கீலுக்குத் தகுந்தபடி சீனியர் அற்புதமாகப் பல் கட்டியிருக்கிறார். அந்தத் தாடை திரைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

அவள் நேரே போய் நாத்தனார் முன்னால் நின்றாள்.

"அண்ணி, உங்க முகத்தைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கணும்."

நாத்தனார் ஏற இறங்கப் பார்த்தாள். பேனாவை எடுத்து எழுதினாள்: "எதற்கு?"

"பல்லைக் கழட்டிட்டு வாயைத் திறந்து மூடணும். நான் காதுகிட்ட விரல் வெச்சுப் பார்க்கணும்."

"முடியாது" என்று எழுதி, அடிக்கோடு இரண்டு போட்டாள். பல் இல்லாத வாயை டாக்டரம்மாவைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை. கண்ணாடிகூடப் பார்த்ததில்லை, குளியலறைக் கண்ணாடியை அவள் துண்டு போட்டு மூடிவிட்டுத்தான் வாய் கொப்பளிப்பாள்.

கீலக்கா கெஞ்சவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். "நம்புங்கன்னு சொல்லி உங்களை மாட்டிவிட்டது நான்தான். அந்தப் பேச்சு தினமும் என்னைக் குத்துது. தப்பு உங்க பழக்கத்துல இல்ல அண்ணி. எங்க கிட்ட இருக்கு. எங்க இருக்குன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. அஞ்சு நிமிஷம் குடுங்க."

நாத்தனார் செய்தித்தாளை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய், கதவைச் சாத்தாமல் விட்டாள். கீலக்கா உள்ளே போனாள். பல்செட் ஒரு கோப்பைத் தண்ணீரில் கிடந்தது. நாத்தனார் ஜன்னலோரம் நாற்காலியில், கன்னம் உட்குழிந்து, வேறு யாரோ போல உட்கார்ந்திருந்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக வாய் திறந்து பேசினாள். குழறலாகத்தான் வந்தது.

"சிரிச்சே, அப்புறம் உன்னை ஒரு வழி பண்ணிடுவேன்."

"சிரிக்கல அண்ணி."

கீலக்கா இரண்டு காதுக்கும் முன்னால் நடுவிரலை வைத்தாள். "திறங்க. மூடுங்க. இன்னும் மெதுவா." தோலுக்கு அடியில் எலும்பின் குமிழ் உருண்டு வருவது விரலுக்குத் தெரிந்தது. அது எங்கே நின்று திரும்புகிறதோ அந்த இடத்தில் புருவப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று தடவை பார்த்தாள். பிறகு நெற்றிக்கு நேரே ஓர் அளவுகோலைப் பிடிக்கச் சொல்லி, எதிரே நின்று புகைப்படம் எடுத்தாள். காதுத் துளை இரண்டுக்கும் ஆறு மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தது. பென்சில் புள்ளிகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

திங்கட்கிழமை சீனியர் அந்தப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அக்கா, அளவெடுக்கிற கருவியைவிட உங்க விரல் பெரிசா?"

"கருவி காதுல மாட்டினது. காதா மெல்லுது?"

லேபில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சீனியரும் சிரித்தார், ஆனால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவள் திரைக்கு வந்தார். அவள் பழைய பல்செட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பிவட்டை மட்டும் பிடித்து இழுத்தாள். வலது முனையை மேலே ஏற்றினாள், பென்சில் புள்ளியின் அளவுக்கு. வேறெதையும் தொடவில்லை. தாடையை மெதுவாக மூடினாள்.

இடது கடைவாய்ப் பல் முதலில் இடித்தது. வலது பக்கம் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது.

நான்கு மாதமாக நாத்தனாரின் பேச்சை நிறுத்திவைத்திருந்த 'டக்' முதல் தடவையாகத் திரையில் வந்து நின்றது. சீனியர் மவுஸை வாங்கித் தானே மூடிப் பார்த்தார். மறுபடி மூடினார். தன் வேலையில் தப்பு வெளிப்பட்டதும் முகம் சுருங்குகிற மனிதர்கள் உண்டு. அவர் அப்படி இல்லை. "சே, இத்தனை வருஷம் எத்தனை பேருக்கு இப்படி விட்டிருக்கோமோ" என்றார். டாக்டரம்மாவுக்கு அவரே போன் செய்தார். டாக்டரம்மா நாத்தனாரைக் கூப்பிட்டுத் தன் விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, புதிய அளவில் கையெழுத்துப் போட்டார்.

இந்தத் தடவை பல் கட்டியது கீலக்கா. முதல் பல்லிலிருந்து. மூன்று நாள் அவள் மேசைப் பக்கம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பல்லாகச் செதுக்கினாள், மூடினாள், திறந்தாள். முன்பல் இரண்டையும் நாத்தனாரின் பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து, அவளுக்கு இருந்த மாதிரியே லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி வைத்தாள். எல்லாரும் நேரான பல் கேட்பார்கள். இவளுக்கு இவள் பல்தான் வேண்டும் என்று கீலக்கா தானாகவே தீர்மானித்துக்கொண்டாள்.

வார்த்து மெருகேற்றிப் புதுப் பல்செட் கைக்கு வரும்போது மூன்றாவது வாரத்துப் புதன்கிழமை ஆகிவிட்டது. தேர்வுக்கு இரண்டு நாள். டாக்டரம்மா மாட்டிவிட்டு, பல் படுகிற இடத்தில் கறை விடும் நிறத்தாளைக் கடிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி புள்ளி விழுந்தது. "ஏதாவது பேசுங்கம்மா" என்றார். நாத்தனார் தலையை ஆட்டினாள். வெளியே வந்து சீட்டு எழுதி நீட்டினாள்: "பேசினால் அங்கேதான் பேசுவேன்." பிடித்த பிடியில் நிற்கிறவள். வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு உள்ளே நாத்தனார் என்னவோ செய்தாள். கீலக்கா கதவில் காதை வைத்துப் பார்த்தும் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. திரையில் சரியாக இருந்த பல்தான் போன தடவையும் வாயில் போய் இடித்தது.

வெள்ளிக்கிழமை காலை கீலக்காவின் டப்பா மேல் ஒரு சீட்டு. "நீயும் வா."

அறிவிப்பு அறை பேருந்து நிலையத்தின் மாடியில், மூன்று பக்கம் கண்ணாடியோடு இருந்தது. கீழே பதினான்கு தடங்களும் தெரிந்தன. அதிகாரி ஒரு தாளைக் கொடுத்தார். அதில் மூன்று வரி. "இதை மட்டும் படிங்க மேடம். வெளியே கேட்காது, இந்த அறைக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர்ல மட்டும்தான் வரும்." சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்து ஏதோ கூட்டம் இருந்தது.

நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். மைக்கின் கழுத்தை வளைத்துத் தன் உயரத்துக்குக் கொண்டுவந்தாள். கீலக்கா கதவோரமாக நின்று, கட்டைவிரலை விரல் கணுவில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு 'டக்'குக்கும் ஒரு கணு நகர்த்துவது என்று தீர்மானம்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஏழாம் தடத்திலிருந்து துறைமுகம் செல்லும் சிறப்புப் பேருந்து இன்னும் சில நிமிடங்களில் புறப்படும்."

முதல் வரி. இடிக்கவில்லை. இரண்டாவது வரி. இடிக்கவில்லை. மூன்றாவது வரியில் 'எழுபத்தேழு' என்று ஒரு எண் வந்தது. அந்த மாதிரி சொல்லுக்குத்தான் கீலக்கா பயந்துகொண்டிருந்தாள். அதுவும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"போதும் மேடம், ரொம்ப நல்லா இருக்கு" என்றார் அதிகாரி. எழுந்தும்விட்டார்.

நாத்தனார் அவர் பக்கம் திரும்பவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடி வழியே கீழே பார்த்து, முதல் தடத்திலிருந்து தொடங்கினாள். முதல் தடத்தில் பெரிய மருத்துவமனை வழியாகப் போகிற வண்டி, இரண்டாம் தடத்தில் நிற்கிற விரைவு வண்டி, மூன்றாம் தடத்தில் பத்து நிமிடம் தாமதமாக வரப்போகிற வண்டி. பத்து மணி வண்டிகள், பத்தரை மணி வண்டிகள், மதியத்து வண்டிகள். போன வருஷமே நிறுத்திவிட்ட ஒரு வண்டியைக்கூடச் சொன்னாள். அதிகாரி வாசலில் நின்று, "மேடம்" என்றார். பிறகு "மேடம்" என்பதையும் விட்டுவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தார். யாராலும் நிறுத்த முடியாது, நான்கு மாதத்துப் பேச்சு அது.

கீலக்காவின் கட்டைவிரல் முதல் கணுவிலேயே நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைக்க அந்தக் கையைத்தான் எடுத்தாள், திரும்ப வைக்க மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் பல்லைக் கவனிக்கவில்லை. எந்த வண்டி எங்கே போகிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.